முதியோர் உடல்நலமும் சமுதாயச் சூழலும்

பிணி தீர்க்கும் முறையை ஆராய்ந்த திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்திலே நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, அருகிருந்து பணிவிடை செய்வோனையும் நான்காவதாக வைத்து எண்ணினார். நோய் உடலின்கண் தோன்றினும், அதன் போக்கை நோயுற்றாரைச் சூழ்ந்துள்ள மாந்தரும் தீர்மானிப்பர் என்பது இதனாற் பெறப்படும். இவ்வுண்மை எல்லாப் பருவத்தினர்க்கும் பொருந்துமெனினும், முதியோர்க்கே முதன்மையாகப் பொருந்தும்.

மூப்பினால் வரும் இயலாமை இயற்கையின் விதி என்று கருதுதல் பொதுவழக்கு. அஃது அரையுண்மையே. உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டு வகுத்த பகுப்பு முறையின்படி, இயலாமை என்பது உடற்குறை மட்டுமன்று. உடற்குறையும் சூழலும் ஒன்றையொன்று தாக்குவதால் விளையும் நிலையாகும். முழங்கால் நோவுள்ள மூதாட்டி ஒருத்திக்கு நீர்க்குழாய் வாயிலருகே இருப்பின், அவள் தன் பணியைத் தானே செய்துகொள்வாள். அதே நோவுடையாள் மணலிலே நெடுந்தூரம் நடந்து கிணற்றில் நீரள்ள வேண்டியிருப்பின், பிறர் கையை எதிர்பார்ப்பவளாகின்றாள். நோவு ஒன்றே, இயலாமை வேறு.

சமுதாய நிலை உடலை எவ்வாறு தொடுகின்றது என்பதற்கு இலண்டன் மாநகரில் 1967இல் தொடங்கிய ஆய்வு ஒன்று சான்றாகும். ஏறத்தாழ 18,000 அரசாங்க ஆண் ஊழியரிடையே நடைபெற்ற அவ்வாய்விலே, கடைநிலை ஊழியரின் இறப்புவீதம் மேனிலை அதிகாரிகளினதைவிட ஏறக்குறைய மும்மடங்காகக் காணப்பட்டது. அவர்களுள் எவரும் வேலையற்றவரல்லர். எனவே, வறுமையின் அடித்தளத்தில் மட்டுமன்றி, படிதோறும் நலம் வேறுபடுகின்றது என்பது தெளிவாயிற்று. இளமையில் ஏற்ற படியின் விளைவு முதுமையிலே முழுவுருப் பெறுகின்றது.

இவற்றை நம் நாட்டில் வைத்துக் காண்பதற்குக் கல்குடா ஏற்ற இடமாகும். மட்டக்களப்பு நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில், வாழைச்சேனையை அடுத்துக் கடலோரத்தில் அமைந்தது இவ்வூர். கடலும் வாவியும் வயலும் இப்பகுதி மக்களின் வாழ்வுக்கு ஆதாரம். ஆண்டுக்கணக்காகக் கரைவலை இழுத்தவரின் முதுகும் முழங்காலும் தேய்கின்றன. வெயிலின் கடுமை கண்புரைக்கு வழிகோலுகின்றது. அரசாங்கப் பணியில் இருந்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவருக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டபோதிலும், அவை உறுப்பினர் செலுத்தும் பணத்தைப் பொறுத்தவை. நாட்கூலி பெறுவோர்க்குச் சேமிப்பே அரிது. ஆகவே, உடல் தளர்ந்த பின்னும் அவர் உழைப்பை விடவியலாது.

அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சைக்குக் கட்டணமில்லை; இது நாட்டின் பெருஞ்செல்வம். ஆயினும், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ செல்லும் வழிச்செலவு இலவசமன்று. உடன்செல்லும் மகனோ மகளோ ஒருநாட் கூலியை இழத்தல் வேண்டும். சிறு சத்திரசிகிச்சையாற் பார்வை பெறக்கூடிய முதியவர், துணையின்மையால் இருளில் இருத்தலுங் கூடும். அவரைக் குருடாக்குவது கண்புரை மட்டுமன்று.

இத்துணையை வழங்கும் பழைய ஏற்பாடு ஒன்று மட்டக்களப்புப் பகுதிக்கு உண்டு. இங்கு தாய்வழிக் குடிமுறை நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. வீடும் வளவும் பெரும்பாலும் பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்லும். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருவான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் அயலிலே வேறு வீடமைத்து வாழ்ந்து, இறுதியில் இளைய மகளின் நிழலில் ஒதுங்குதல் வழக்கம். மூதாட்டி தான் பிறந்து வளர்ந்த சுற்றத்தைப் பிரியாது மூப்படைகின்றாள். எனினும், கொடுக்கத்தக்க வீடில்லாதாரையும் பெண்மக்கள் இல்லாதாரையும் இவ்வேற்பாடு எளிதிற் கைவிட்டுவிடும்.

இவ்வேற்பாட்டின் மீது பல அடிகள் வீழ்ந்துள்ளன. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளி, 2009 வரை நீடித்த போர், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை ஆகிய மூன்றையும் கண்டவர்களே இன்றைய முதியோர். ஆழிப்பேரலையில் தப்பியோரிடையே அம்பாறை மாவட்ட முகாம்களில் நடந்த ஆய்வு, சிறுவரும் பெண்டிரும் முதியோருமே மிகுதியாக மாண்டனர் எனக் காட்டிற்று. பின்னர்க் கிழக்கிலே புதுவீடுகள் வழங்கப்பட்டபோது, பல இடங்களிற் குடும்பத் தலைவர் என்ற முறையில் ஆண்களின் பெயரிலேயே உரிமை பதியப்பட்டது. தாய் மகளுக்கு வீடு கொடுக்கும் மரபு இதனால் நலிவுற்றதென ஆய்வாளர் சுட்டியுள்ளனர். போரிலே காலிழந்தவரும் இன்று முதுமையை அணுகுகின்றனர்; அவர்தம் செயற்கைக் கால்கள் காலந்தோறும் மாற்றப்பட வேண்டியவை. பெண்மக்கள் பலர் வீட்டுப்பணிக்காக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றதனால், பராமரிப்புப் பெறவேண்டிய பாட்டியே பேரக்குழந்தைகளைப் பராமரிக்கும் நிலையும் தோன்றியுள்ளது. மகள் அனுப்பும் பணம் மருந்து வாங்க உதவும். ஆனால், அதை வேளைதவறாது எடுத்துக் கொடுக்கும் கை அயல்நாட்டில் இருக்கின்றது.

இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர் அறுபது வயதை எய்தியோர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணித்தலாகாதென விதித்து, ஆதரவற்ற பெற்றோர் முறையிடுதற்கு ஒரு சபையையும் அமைத்தது. இது போற்றத்தக்கது. ஆனால், தானே வறுமையில் உழலும் மகனிடம் சட்டம் எதனைப் பெற்றுத்தரும்? பெற்ற தாய், மகன்மேல் முறையிட மனம் ஒப்புவாளா?

ஆதலால், முதியோர் நலம் பேணல் மருத்துவரிடம் மட்டும் விடத்தக்க பணியன்று. வழித்தடத்தைச் செப்பனிடுவோனும், வீட்டுரிமையைப் பதிவோனும், தொழிலாளியின் இளமைக்காலக் கூலியை நிருணயிப்போனும் மருத்துவப் பணியில் பங்குடையோரேயாவர். குடும்பம் வலுவோடிருந்த காலத்தில் நான்காம் கூறாகிய பணிவிடை கேளாமலே கிடைத்தது. குடும்பம் சிதறிய இடத்தில் அதனை ஊரும் அரசும் முன்வந்து ஏற்றல் வேண்டும். ஏலாதாயின், ஏனைய மூன்றும் இருந்தும் பயனில்லை.