பசையின் மேல் பழி

பத்து வயதைத் தாண்டிய கார்களில் கூரையின் உட்புறத் துணி பின்கண்ணாடிப் பக்கம் பிரிந்து, உட்காருபவர் தலையை உரசும் அளவுக்குத் தொங்குவது சகஜம். குண்டூசி குத்தி நிறுத்தி ஓட்டுபவர்களும் உண்டு. "டாப் லைனிங் தொங்குது, பசை விட்டுப்போச்சு" என்றுதான் குஷன் கடையில் வண்டியை விடுவார்கள். பெரும்பாலும் பசை விடவில்லை.

தொங்கும் துணியைத் தூக்கித் தடவினால் விரலில் பழுப்புத் தூள் ஒட்டும். அது ஃபோம். கூரை அட்டையில் துணி நேரடியாக ஒட்டப்படுவதில்லை. துணியின் முதுகில் சில மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் ஃபோம் இருக்கிறது. அதன் மறுபக்கம்தான் அட்டையைப் பற்றியிருக்கிறது. பசை இன்னும் அட்டையில் பத்திரமாக இருக்க, நடுவில் இருந்த ஃபோம் பொடிந்துவிட்டது.

ஜெர்மனியில் 1937இல் ஓட்டோ பேயர் குழு கண்டுபிடித்த பாலியூரித்தேனின் மூலப்பொருள் ஒன்று வடசென்னை மாத்தூர்க்காரர்களுக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. 1969இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலையில் (இன்றைய சிபிசிஎல்) புரோப்பிலீன் வாயு கிடைக்கிறது. மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் அதிலிருந்து புரோப்பிலீன் ஆக்சைடும், அதிலிருந்து பாலியால் என்ற குழகுழப்பான திரவமும் தயாரிக்கிறது. பாலியாலோடு ஐசோசயனேட்டும் சிறிது தண்ணீரும் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பி, கலவை பொங்கி ஃபோம் ஆகிவிடும். மெத்தை, சோபா, கார் சீட் எல்லாம் இதன் வாரிசுகள்.

மணலியில் தயாராவது ஈதர் வகைப் பாலியால். எஸ்டர் வகை என்று இன்னொன்று உண்டு. மேற்பரப்பைத் தீயில் லேசாக வாட்டினாலே துணியோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் துணிக்குப் பின்னால் கொடுக்க அதைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். அதன் பலவீனம் தண்ணீர். மழையில் நனைய வேண்டியதில்லை, காற்றின் ஈரமே போதும். நீர் மூலக்கூறு ஓர் எஸ்டர் பிணைப்பை வெட்டினால், வெட்டிய முனையில் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த வெட்டை வேகப்படுத்துகிறது. பல வருடம் ஒழுங்காக இருந்த கூரை ஒரே கோடையில் சரிவதற்குக் காரணம் இதுதான். ஈதர் வகை ஈரத்தைத் தாங்கும்; ஆனால் வெப்பமும் ஆக்சிஜனும் அதையும் மெல்ல அரிக்கும்.

வடசென்னையில் எண்ணூர்க் கடல்காற்று ஈரத்தைத் தருகிறது. மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். வெளியே 35 டிகிரி இருந்தாலே, பூட்டி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50ஐத் தாண்டிவிடும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி. அன்று மெரினாவில் நிறுத்திய கறுப்புக் காரின் கூரைத் தகட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே இடுக்கில் பசையைப் பீய்ச்சி அழுத்துவது வீண். புதுப் பசை தூளைத்தான் பிடிக்கும். அட்டையைக் கழற்றி, தூள் முழுவதையும் தேய்த்தெடுத்து, ஃபோம் வைத்த புதுத் துணியைப் போடுவதே வேலை. கூலி கூடுதல்தான், ஆனால் தூளைத் தேய்க்காமல் மேலேயே ஒட்டித் தருகிற கடையில் கொடுப்பது பணத்துக்குக் கேடு.

ஒட்டுவது பாலிகுளோரோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் பசை. 1930இல் டூபான்ட் ஆய்வகத்தில் கரோத்தர்ஸ் குழுவில் பிறந்த ரப்பர் இது. இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கரைப்பான் ஆவியாகிவிடும். பிறகு இரண்டு படலங்களும் தொட்ட கணத்தில் ரப்பர் சங்கிலிகள் தலைப்பின்னல் போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, படிகமாக இறுகுகின்றன. நகர்த்திச் சரிசெய்ய இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அவசரப்பட்டு ஈரத்திலேயே ஒட்டினால் சிக்கிய கரைப்பான் வெயிலில் கொப்புளமாக எழும்பும். படிகங்கள் சூட்டில் இளகும் என்பதால், ஃபினாலிக் பிசினும் மெக்னீசியம் ஆக்சைடும் சேர்த்த, வெப்பம் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மேசைக்கு மைக்கா ஒட்டும் சாதா டப்பா கூரைக்கு ஆகாது. கதவுகளைத் திறந்து வைத்து, நெருப்பில்லாத இடத்தில் செய்வது அவசியம்.

கதவின் உட்புறப் பலகையான டோர் பேட் கதை வேறு. அது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். தண்ணீர்த் துளிகூட அதில் பரவாமல் உருண்டு நிற்கும், பசையும் அப்படியே. உப்புத்தாள் தேய்த்து, அதற்கான பிரைமர் பூசினால்தான் ரெக்சின் பிடிக்கும்.

பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் மட்டும் கூரையின் ஓரத்தையும், தூண் உறைகளையும் பசையால் ஒட்டக்கூடாது. மோதிய சில பத்து மில்லிவினாடிகளில் பை அந்த ஓரத்தைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். அங்கே உடைந்த கிளிப்பை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.