மூன்று கடவுளா? ஒரே கடவுளா? – புனித தோமாவிடம் கேட்போம்



தூய ஆவியார் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறன்று மூவொரு கடவுள் பெருவிழாவைக் கொண்டாடுகிறோம். 1334-ஆம் ஆண்டு திருத்தந்தை 22-ஆம் யோவான் இவ்விழாவைத் திருச்சபை முழுவதற்கும் உரியதாக்கினார். சிலுவை அடையாளம் வரையும் ஒவ்வொரு முறையும் நாம் இந்த மறைபொருளையே அறிக்கையிடுகிறோம். ஆனால், "உங்களுக்கு மூன்று சாமியா?" என்று பக்கத்து வீட்டார் அன்போடு கேட்டால் நம்மில் பலர் தடுமாறுகிறோம். அபிராமபுரம், மந்தைவெளி, லஸ் பகுதிகளில் பல சமயத்தாரோடு ஒரே தெருவில் வாழும் நமக்கு இது அடிக்கடி வரும் கேள்வி.

இதற்கு விடை தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமக்கு அருகிலேயே சாந்தோம் பேராலயம் இருக்கிறது. அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் என்று மரபு சொல்லும் திருத்தூதர் தோமா ஒரு யூதர். கடவுள் ஒருவரே என்பது யூதர்கள் நாள்தோறும் சொல்லும் அறிக்கை (இச 6:4). வேறு எவரையும் கடவுள் என்று அழைப்பது அவர்களுக்குப் பெரும் பாவம். அப்படி வளர்ந்த தோமாதான், உயிர்த்த இயேசுவின் காயங்களைக் கண்டு, அவரை ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அறிக்கையிட்டார் (யோவா 20:28). அவர் இரண்டாவது கடவுள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தாம் வணங்கிவந்த அதே ஒரே கடவுளை இயேசுவிடம் கண்டுகொண்டார். பெந்தகோஸ்து நாளில், அதே கடவுள் தூய ஆவியாராகத் தங்களுக்குள் குடிகொண்டதைத் திருத்தூதர்கள் உணர்ந்தார்கள்.

ஆக, மூவொரு கடவுள் கோட்பாடு அறிஞர்கள் உட்கார்ந்து போட்ட கணக்கு அல்ல. முதலில் வந்தது அனுபவம். சொற்கள் பின்னர் வந்தன. 325-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிவித்தது. 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கம், தந்தை, மகனுக்கு உரிய வழிபாடு தூய ஆவியாருக்கும் உரியது என்று அறிக்கையிட்டது. ஞாயிறு திருப்பலியில் நாம் சொல்லும் விசுவாச அறிக்கை இவ்விரண்டு சங்கங்களின் கொடை.

தமிழிலும் சொற்கள் மெதுவாகவே கனிந்தன. நம் முன்னோர் போர்த்துக்கீசிய மொழியைப் பின்பற்றி 'இஸ்பிரீத்து சாந்து' என்று செபித்தார்கள். பிறகு 'பரிசுத்த ஆவி' என்றோம். இன்று 'தூய ஆவியார்' என்கிறோம். 'தமத்திரித்துவம்' என்பது 'மூவொரு கடவுள்' ஆயிற்று. சொற்கள் மாறின, விசுவாசம் மாறவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் ஓர் உவமை சொல்வதுண்டு: தண்ணீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் ஒன்றே. இது கேட்க எளிது, ஆனால் சரியன்று. அதே தண்ணீர் ஒரே வேளையில் பனிக்கட்டியாகவும் ஆவியாகவும் இருப்பதில்லை. இயேசுவின் திருமுழுக்கிலோ, மகன் ஆற்றில் நிற்கிறார். தந்தையின் குரல் கேட்கிறது. ஆவியார் புறா வடிவில் இறங்குகிறார் (மத் 3:16-17). ஒருவரே மூன்று வேடம் போடுகிறார் என்ற கருத்தைத் திருச்சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே மறுத்துவிட்டது.

மும்மூர்த்திகளைப் போன்றதா என்றும் கேட்பார்கள். அங்கே படைத்தல், காத்தல், அழித்தல் எனத் தொழில்கள் பிரிகின்றன. நம் விசுவாசத்திலோ தந்தை தம் வார்த்தையாகிய மகன் வழியாக, ஆவியாரில் படைக்கிறார். மீட்பதும் புனிதப்படுத்துவதும் அப்படியே. மூவரும் ஒரே செயலைச் செய்கிறார்கள்.

அப்படியானால் 'மூன்று ஆள்கள்' என்பதன் பொருள் என்ன? வாசலில் தனித்தனியாக நிற்கும் மூவர் என்று எண்ண வேண்டாம். 'தந்தை' என்ற சொல்லைப் பாருங்கள். பிள்ளை இல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. அது உறவைக் குறிக்கும் சொல். தந்தை தம்மை முழுவதும் மகனுக்குக் கொடுக்கிறார். மகன் தம்மை முழுவதும் தந்தைக்குக் கொடுக்கிறார். அவர்களை இணைக்கும் அன்பு தூய ஆவியார். ஒரே இறைத்தன்மை, மூன்று உறவுகள்.

இதை ஏற்பதும் மறுப்பதும் நம் மீட்பையே தொடும் காரியம். இயேசு கடவுள் இல்லையென்றால், சிலுவையில் நமக்காக இறந்தவர் ஒரு நல்ல மனிதர் மட்டுமே. தூய ஆவியார் கடவுள் இல்லையென்றால், திருமுழுக்கில் நாம் பெற்றது கடவுளின் வாழ்வு அன்று. மேலும், கடவுள் அன்பாய் இருக்கிறார் என்கிறார் புனித யோவான் (1 யோவா 4:8). உலகம் உண்டாகுமுன் அவர் தனிமையில் இருந்திருந்தால் யாரை அன்பு செய்திருப்பார்?

பரங்கிமலை ஆலயத்தில் 1547-இல் கண்டெடுக்கப்பட்ட பழமையான கற்சிலுவையைப் பார்த்திருப்பீர்கள். சிலுவையின் உச்சியில் ஒரு புறா இறங்குகிறது. மகனின் சிலுவையும் ஆவியாரின் புறாவும் அங்கே செதுக்கப்பட்டுள்ளன. தந்தையின் உருவம் இல்லை; மகனைக் காண்பவர் தந்தையைக் காண்கிறார் என்பதை நாம் அறிவோம் (யோவா 14:9).

ஆகவே, அடுத்த முறை யாராவது கேட்டால் தயங்க வேண்டாம். "எங்களுக்குக் கடவுள் ஒருவரே. அவர் தனிமையானவர் அல்ல, அன்பின் உறவானவர்" என்று சொல்லுங்கள். அந்தப் பதில் நம் வீட்டிலும் தெரிய வேண்டும். கணவனும் மனைவியும், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் தம்மையே கொடுத்து வாழும் இல்லத்தில் மூவொரு இறைவனின் சாயலை அயலார் காண்பார்கள். இனிச் சிலுவை அடையாளத்தை அவசரமின்றி, பொருள் உணர்ந்து வரைவோம். மூவொரு இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக!