உங்களுக்குத் தெரியுமா? கோரையில் ஒரு வசந்தச் சிலுவை

அயர்லாந்தில் ஜனவரி 31 மாலை, வீட்டார் கூடி உட்கார்ந்து கோரை போன்ற நீர்ப்புல் தண்டுகளால் நான்கு கை கொண்ட சிலுவை ஒன்றைப் பின்னுவது வழக்கம். மறுநாள், பிப்ரவரி 1, புனித பிரிஜிட் திருநாள். 'இம்போல்க்' என்னும் பழைய கேலிக் வசந்த விழாவும் அன்றுதான். கவிதை, மருத்துவம், கொல்லுத்தொழில் மூன்றுக்கும் உரியவளாக பிரிஜிட் என்ற தேவியையும் ஐரிஷ் பழநூல் ஒன்று சொல்கிறது. பழைய தெய்வங்களை வழிபடும் இன்றைய பேகன்கள் அவளை நினைத்தே இந்தச் சிலுவையைப் பின்னுகிறார்கள். இரு நம்பிக்கையினரும் ஒரே கைவேலையில் சந்திப்பது எவ்வளவு அழகு!

நீங்களும் செய்யலாம். ஒரு தண்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இரண்டாவதை இரண்டாக மடித்து, முனைகள் வலப்புறம் பார்க்க, முதல் தண்டின் நடுவில் மாட்டுங்கள். முனைகள் மேல்நோக்கி வரும்படி மொத்தத்தையும் கால் சுற்று திருப்புங்கள். அடுத்த தண்டை மடித்து, மேல்நோக்கி நிற்பவற்றைச் சுற்றி மீண்டும் வலப்புறமாக மாட்டுங்கள். இப்படியே திருப்பித் திருப்பி மாட்ட, நடுவில் சதுரம் ஒன்று வளரும். ஒவ்வொரு சுற்றிலும் இறுக்கிப் பிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது. கடைசியில் நான்கு முனைகளையும் நூலால் கட்டி, ஓரத்தைச் சீராக நறுக்கிவிடுங்கள். பசுந்தண்டு நல்லது, காய்ந்ததென்றால் முதலில் தண்ணீரில் ஊறவையுங்கள்.

தண்டுகளை அறுக்காமல் கையால் பிடுங்குவது மரபு. தீயும் நோயும் அண்டாதிருக்க, முடித்த சிலுவையை வாசலுக்கு மேல் மாட்டுவார்கள். அயர்லாந்தின் தேசியத் தொலைக்காட்சி 1961இல் தொடங்கியபோது இதையே சின்னமாக்கிக்கொண்டது. 2023 முதல் இத்திருநாளுக்கு அங்கே அரசு விடுமுறையும் உண்டு.