பை-பாஸுக்குப் பின் ஆறு வாரம்: வீட்டாரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது!

"பை-பாஸ்" என்றால் தனுவச்சபுரம், பாறசாலை வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஊரைச் சுற்றிப் போகும் சாலை என்று மட்டுமே பொருள். இன்று எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், சட்டையின் மேல் பொத்தானுக்குக் கீழே நேர்க்கோடாகத் தழும்பு தெரியும் பெரியவர் ஒருவரைக் காணலாம். ஆபரேஷன் அவ்வளவு சகஜமாகிவிட்டது. ஆனால் ஆபரேஷன் முடிந்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியார் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லும்போதுதான் வீட்டாருக்கு வயிற்றைக் கலக்குகிறது. மணியடித்தால் ஓடிவரும் நர்ஸ் இனி இல்லை. மனைவியும் மருமகளும்தான் நர்ஸ்.

காலிலிருந்து இரத்தக் குழாயை எடுத்து இருதயத்தில் ஒட்டுப்போடும் இந்த முறையை 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் செய்து காட்டி உலகறியச் செய்தவர் ரெனே ஃபவலோரோ என்ற அர்ஜென்டைனா நாட்டு டாக்டர். இந்தியாவில் 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம்.செரியன் இதைச் செய்தார். ரயில்வே தொழிலாளர்களுக்காக ஏற்பட்ட ஆஸ்பத்திரி அது என்பது தொழிலாளர் குடும்பங்கள் பெருமையோடு நினைவில் வைக்கத்தக்கது. திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்துக்கு 1980-ல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் கிடைத்தது. தனுவச்சபுரத்திலிருந்து அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான்.

அடைப்பு அங்கேயே இருக்கிறது

வீட்டார் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. டாக்டர்கள் அடைப்பை எடுத்துவிடவில்லை. அடைபட்ட சாலைக்குப் பக்கத்தில் புதுச்சாலை போட்டிருக்கிறார்கள். பழைய சாலையைக் கெடுத்த கொழுப்பும், சர்க்கரையும், இரத்த அழுத்தமும், பீடியும் புதுச்சாலையையும் கெடுக்க வல்லவை. "ஆபரேஷன் ஆகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று மூன்றாம் மாதம் கேட்பவர்கள் உண்டு. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் முதலிய மாத்திரைகளைப் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கும். டாக்டரைக் கேட்காமல் ஒன்றையும் நிறுத்தக்கூடாது. உடம்பு வலி என்று மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கித் தருவதும் கூடாது. அவற்றில் சில இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பகை. நாட்டு மருந்தானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டே தரவேண்டும். ஆறாத காயத்தின் மேல் தைலம் தடவுவது வேண்டவே வேண்டாம்.

எல்லைப்புறத் தமிழர்களுக்கு இங்கே தனிச் சங்கடம். ஆஸ்பத்திரிச் சீட்டு ஆங்கிலத்தில். நர்ஸ் விளக்குவது மலையாளத்தில். வீட்டிலிருக்கும் மூதாட்டிக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ். ஆபீசில் வேலை பார்க்கும் மகன் அன்றிரவே உட்கார்ந்து, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிப் பாரம் குறையும்.

கிணற்றுக் கயிறு ஆகாது

மார்பு எலும்பை நீளவாக்கில் அறுத்து, கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது கூட ஆறு முதல் எட்டு வாரம். முழு உறுதி பெற மூன்று மாதம் வரை ஆகலாம். அதுவரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. பேரப்பிள்ளை ஆனாலும் சரி! கிணற்றில் தண்ணீர் இறைப்பது, தேங்காய் உரிப்பது, மரச்சீனி பிடுங்குவது, இரும்புக் கேட்டைத் தள்ளுவது எல்லாம் எலும்பைப் பிரிக்கிற வேலைகள். கட்டிலிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு எழவேண்டும். இருமலும் தும்மலும் வந்தால் ஒரு சிறு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி பாதியாகும். தரையில் குந்தும் கக்கூஸ் உள்ள வீட்டில், நடுவில் ஓட்டையிட்ட நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வாங்கிவைப்பது நல்லது. மலச்சிக்கலால் முக்குவது நல்லதல்ல. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் பக்கமே போகவேண்டாம். பின்னால் உட்காரவும் வேண்டாம்.

அதற்காகக் கட்டிலோடு கட்டிப்போடுவதும் தவறு. அன்பு மிகுந்த வீடுகளில்தான் இந்தத் தவறு நடக்கிறது. முதல் வாரம் வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிஷம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, ஒரு மாதத்தில் அரைமணி நேரம் வரை நடக்கலாம். நடக்கும்போது பேச முடியவேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். குழாய் எடுத்த கால் வீங்குவது வழக்கம்; உட்காரும்போது அதை உயர்த்தி வைக்கவேண்டும். பந்துகள் உள்ள மூச்சுக் கருவியைக் கொடுத்திருந்தால் அது பிள்ளைகள் விளையாட அல்ல, நுரையீரல் விரிவதற்கு.

சாப்பாட்டில் மீனுக்குத் தடையில்லை. சாளை இருதயத்துக்கு நல்லதே. ஆனால் பொரித்த சாளை வேறு, குழம்பில் கொதித்த சாளை வேறு. தேங்காயை அரைத்து ஊற்றும் கையைக் கொஞ்சம் சுருக்கவேண்டும். கருவாடு, ஊறுகாய், பப்படம் மூன்றிலும் உப்பே பிரதானம். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் திராட்சையும் கொண்டுவருகிறார்கள். சர்க்கரை வியாதிக்காரருக்கு இரண்டும் உபகாரமல்ல. ஜலதோஷத்தோடு வருகிற உறவினரை வாசலிலேயே நிறுத்துவதில் மரியாதைக் குறைவு இல்லை.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலும், காயத்திலிருந்து சீழ் வந்தாலும், மார்பு எலும்பு "கிளுக்" என்று அசைவது தெரிந்தாலும், ஒரே நாளில் எடை ஒரு கிலோ கூடினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்கவேண்டும். எடை கூடுவது உடம்பில் நீர் சேர்வதன் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவைக்கவேண்டும். நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், மயக்கம், பேச்சுக் குழறல், கைகால் விழுதல் என்றால் 108-ஐத்தான் அழைக்கவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

அழுகிற அப்பா

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது மனசைப் பற்றி. நாற்பது வருஷம் வீட்டை அதட்டி ஆண்ட மனிதர் காரணமில்லாமல் அழுவார். எரிந்து விழுவார். இரவில் தூங்கமாட்டார், பெயர்களை மறப்பார். வீட்டார் பயந்துபோவார்கள். இது பலருக்கும் வருவது. பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். தணியாவிட்டால் டாக்டரிடம் சொல்லவேண்டும். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்குக்கு 2009 ஜனவரியில், 76-வது வயதில், இரண்டாவது தடவையாக பை-பாஸ் நடந்தது. அதே வருஷம் மே மாதம் மறுபடியும் பிரதமராகப் பதவியேற்றார். இதை நோயாளியிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். தாம்பத்திய உறவைப் பற்றிக் கேட்க வெட்கப்படுவோர் பலர். இரண்டு மாடிப்படி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் அதற்கும் பொதுவாகத் தடையில்லை என்பார்கள்; மார்பின் மேல் பாரம் விழாதிருந்தால் போதும்.

மனைவியை யார் கவனிப்பது? கணவருக்கு மூச்சு வருகிறதா என்று இரவில் நாலு தடவை எழுந்து பார்க்கிறவர், தன் பிரஷர் மாத்திரையை மறந்துவிடுகிறார். வாரத்தில் இரண்டு இரவாவது மகனோ மகளோ அந்த அறையில் படுத்து, அவரைத் தூங்கவிடவேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் குமாஸ்தா ஆறு, எட்டு வாரத்தில் ஆபீசுக்குத் திரும்பலாம். மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு மூன்று மாதமாவது ஆகும். சிலர் வேலையையே மாற்ற நேரிடும். இ.எஸ்.ஐ.யில் உள்ளவர்களுக்கு, சந்தா நிபந்தனைகள் சரியாக இருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவிகிதம் வருஷத்துக்கு 91 நாள் வரை உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டையும் டாக்டர் சர்ட்டிபிகேட்டையும் பத்திரப்படுத்தவேண்டும். மறுபரிசோதனைக்குப் போகும் நாளில் எடைக் குறிப்பையும் மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போகலாம். இனிக் கிணற்றுக் கயிற்றைத் தொடலாமா என்பதையும் அன்றே கேட்டுவிடலாம்.