புதுப் பெல்ற் போட்டும் வழுக்குகிறதா?

பெரும்போக உழவு நெருங்குகிறது. வீட்டில் திருத்திய இரண்டு சக்கர உழவு இயந்திரம் இரைகிறது, ஆனால் இழுக்கவில்லை. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஒரு போகம் தவறுவது சிறிய இழப்பல்ல.

உடனே பெல்ற்றை மேலும் இறுக்காதீர்கள், பெயரிங் பழுதாகும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கப்பியைப் பாருங்கள். வி-பெல்ற் பிடிப்பது இரு பக்கங்களால், அடியால் அல்ல. கப்பிப் பள்ளத்தின் அடி மினுங்கினால் பெல்ற் ஒடுக்கமானது, அல்லது கப்பி தேய்ந்துவிட்டது.

ஒயில் பட்டிருந்தால் துடைத்து, கசிவை அடையுங்கள். பழைய பெல்ற்றோடு புதியதைச் சேர்க்காதீர்கள். பழையது நீண்டிருப்பதால் பாரம் புதியதில் விழும். கப்பிகள் நேராக நிற்கின்றனவா என நூல் பிடித்துப் பாருங்கள்.

பெல்ற் வழுக்காமல் ஓடியும் சில்லு நின்றால் குறை கிளச்சில் இருக்கலாம். அப்போது மெக்கானிக்கிடம் போங்கள். அதற்கு முன் காசைச் செலவழிக்காதீர்கள்.