ஒரு சாண் வளர்ந்திருப்பானா?

சாமுவேலின் முதல் புத்தகம் 2-ஆம் அதிகாரத்தில், ஒரே வசனத்தில் வந்துபோகிறது ஒரு சின்னச் சட்டை. சீலோவில் ஆசாரியன் ஏலியிடம் வளர்கிற மகன் சாமுவேலுக்கு அன்னாள் வருஷந்தோறும் ஒரு சட்டை தைத்து, பலி செலுத்தப் போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பாள். அன்னாளைப் பற்றிய பிரசங்கங்கள் பெரும்பாலும் அவளுடைய கண்ணீரோடும் பொருத்தனையோடும் முடிந்துவிடுகின்றன. பிள்ளை வளர்ப்பைப் பற்றி அவளிடம் கற்க வேண்டுமானால் அந்தச் சட்டையைத்தான் முதலில் கையில் எடுக்க வேண்டும்.

பிள்ளை பக்கத்தில் இல்லை. கண்ணால் பார்த்தது போன வருஷம். தோள் எவ்வளவு அகன்றிருக்கும்? கை எதுவரை வரும்? ஒரு சாண் வளர்ந்திருப்பானா? எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுத்தான் துணியைத் தொட முடியும். வருஷம் முழுக்க அவனை நினைத்துக்கொண்டே இருந்தவளுக்கு மட்டுமே அந்தக் கணக்கு வரும்.

அவளுடைய விவேகம் பிள்ளை பிறப்பதற்கு முன்பே தெரிகிறது. பிள்ளையில்லாத அவளைச் சக்களத்தி பெனின்னாள் வருஷாவருஷம் குத்திப் பேசுகிறாள். அன்னாள் திருப்பி ஒரு வார்த்தை பேசியதாக வேதத்தில் இல்லை. மனக்கசப்பை அப்படியே கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோகிறாள். ஒரு மகனைத் தந்தால் அவனை உமக்கே கொடுப்பேன் என்று பொருத்தனை செய்கிறாள். உதடு மட்டும் அசைகிறது. குடித்திருக்கிறாள் என்று நினைத்து ஏலி கடிந்துகொள்கிறார். அவரிடமும் அவள் கோபப்படவில்லை. தன் நிலைமையைப் பணிவாக விளக்கிச் சொல்கிறாள். பிறகு எழுந்துபோய்ச் சாப்பிடுகிறாள். அதன் பின் முகவாட்டமே இல்லை. அப்போது அவள் கர்ப்பமாகக்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சாமுவேல் பிறந்த பிறகு, பண்டிகைக்குப் போகலாம் என்று குடும்பமே கிளம்புகிறது. பால் மறந்த பிறகுதான் வருவேன் என்று அவள் வீட்டில் இருந்துவிடுகிறாள். எண்ணாகமம் 30-ஆம் அதிகாரத்தின்படி, மனைவியின் பொருத்தனையைக் கேள்விப்பட்ட நாளிலேயே கணவன் அதைச் செல்லாததாக்கலாம். அன்னாளின் கணவன் எல்க்கானா அப்படிச் செய்யவில்லை. அவள் விருப்பத்துக்கே விட்டுவிட்டான். அந்தக் காலத்தில் மூன்று வயது வரைகூடத் தாய்ப்பால் கொடுப்பதுண்டு. அவளுக்குக் கிடைத்ததே அந்தக் கொஞ்ச காலம்தான். அதில் ஒரு பயணத்தைக்கூட வீணாக்க அவள் விரும்பவில்லை.

அவனைக் கொண்டுபோய் விட்ட இடமோ அவ்வளவு நல்ல இடமல்ல. ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் கர்த்தரை அறியாதவர்கள். கொழுப்பைத் தகனிக்கும் முன்பே பச்சை இறைச்சியைக் கேட்டு வாங்குவார்கள், கொடுக்காவிட்டால் பறித்துக்கொள்வார்கள். ஏலி வாயால் கண்டித்தாரே தவிர, அவர்களை அடக்கவில்லை. இந்த வீட்டில்தான் சாமுவேல் வளர்ந்தான். வேதத்தில் அந்தச் சட்டை வருகிற இடத்தைப் பாருங்கள்: முன்னாலும் ஓப்னி, பினெகாசின் அக்கிரமம், பின்னாலும் அவர்களுடைய அக்கிரமம், நடுவில் அம்மா தைத்த சட்டையோடு ஒரு சிறுபிள்ளை.

சூசன்னா வெஸ்லியை நினைக்காமல் இதைக் கடக்க முடியவில்லை. இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூர்ப் போதகரின் மனைவி. பெற்ற 19 பிள்ளைகளில் பாதிக்குப் பாதி குழந்தையிலேயே இறந்துபோனார்கள். 1709-இல் வீடு தீப்பிடித்து எரிந்தபோது, ஐந்து வயது மகன் ஜானை மாடி ஜன்னல் வழியாக இறக்கிக் காப்பாற்றினார்கள். வீட்டு வேலைகளுக்கு நடுவிலும் சூசன்னா ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு மாலை வைத்திருந்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகிவிட்ட பிறகும், அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சம் தனக்குக் கிடைக்காதா என்று கேட்டு அவர் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.

நம் வீடுகளிலும் ஜெபத்துக்குக் குறைவில்லை. வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளைக்காக அம்மா தினமும் ஜெபிக்கிறாள். “என் பிள்ளையைக் காத்தருளும் ஆண்டவரே” என்பதோடு அது நின்றுவிடக் கூடாது. அவன் எந்தப் பாடத்துக்குப் பயப்படுகிறான், யாரோடு பேச்சை நிறுத்திவிட்டான், ராத்திரி ஏன் தூங்குவதில்லை என்று தெரிந்திருந்தால் ஜெபத்தின் வார்த்தைகளே மாறிவிடும். அதைத் தெரிந்துகொள்ள, மார்க்கைப் பற்றிக் கேட்காத ஒரு போன் பேச்சு போதும்.

ஜெபித்து வளர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வேதம் எளிதாகச் சொல்லிவிடவில்லை. சாமுவேலின் மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து பரிதானம் வாங்கினார்கள். அதைக் காரணம் காட்டித்தான் ஜனங்கள் எங்களுக்கு ராஜா வேண்டும் என்றார்கள். வயதான காலத்தில் கில்காலில் அதே ஜனத்தின் முன் நின்று சாமுவேல் பேசுகிறார். உங்களுக்காக ஜெபிக்காமல் விட்டால் நான் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தவனாவேன் என்கிறார். மனக்கசப்பைக் கொட்டியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பெனின்னாளுக்குப் பதில் பேசாமல் கர்த்தரிடம் போய் அழுதவளின் மகன் வேறெப்படிப் பேசுவார்?