மஞ்சள் பூவெல்லாம் கரிசலாங்கண்ணி இல்லை!

லயத்துக் கால்வாய் ஓரத்திலும் சாலைக் கரையிலும் தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் கொடியைப் பார்த்திருப்பீர்கள். காமாலைக்கு நல்லதென்று சொல்லும் மஞ்சள் கரிசலாங்கண்ணி இதுதான் என்று பறித்துவிடாதீர்கள்.

பூவை மட்டும் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. இலையைப் பாருங்கள். பளபளவென்று தடிப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருந்தால், அது தரையை மூடுவதற்காக அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து கொண்டுவந்த கொடி. கரிசலாங்கண்ணி இலை ஒடுக்கமாக நீண்டிருக்கும், மடல் பிரியாது. ஈரத் தரையில்தான் செழிக்கும்.

சரியான செடியே ஆனாலும், மருந்து அடிக்கிற இடத்தில் பறிக்காதீங்க. மலேசியாவில் பாராகுவாட் 2020இல் தடையானது; மற்றக் களைக்கொல்லிகள் இருக்கின்றன. கழுவினால் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

கண்ணு மஞ்சளாச்சா? கீரையைத் தேடி நாளைக் கடத்தாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சலிலும் கண் மஞ்சளாகலாம். முற்றினால் சிறுநீரகத்தையும் கெடுக்கும், உயிருக்கும் ஆபத்து. அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். காய்ச்சல் எத்தனை நாளாக என்பதோடு, தோட்டத்தில் வேலை செய்வதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.